‘ஃபுட் இன்டாலரன்ஸ்’ ரத்தப் பரிசோதனை: டர்பன் பக்கம் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள், அதிலும் ஊரிலிருந்து வேலைக்காகப் புதிதாக வந்தவர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள். இங்கே ஒரு மாலில் உள்ள ‘வெல்னஸ்’ கடையில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உங்கள் வயிற்றுக்கு எந்தெந்த உணவு ஆகாது என்று சொல்வதாக ஒரு பரிசோதனை விற்கிறார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வியாபாரம் வேறு பெயர்களிலும் நடக்கிறது. ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எனக்கு நெடுநாளாக வயிறு சரியில்லை. சாப்பிட்டு எழுந்ததும் உப்புசம், ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் பேதி. சுக்குக் கஷாயம், ஓமத் தண்ணீர், மோர் எல்லாம் குடித்துப் பார்த்தாயிற்று. அப்படி இருக்கும்போது, மாலில் நடந்து போன என்னை வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கூப்பிட்டு உட்கார வைத்து, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். தன்னை ‘நியூட்ரிஷன் கன்சல்டன்ட்’ என்றார். பரிசோதனை, உணவுத் திட்டம், மூன்று டப்பா பொடி, ஒரு மூலிகை டீ, எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். ஆயிரக்கணக்கில் ராண்ட் போனது. மெடிக்கல் எய்டில் (இங்கத்திய மருத்துவக் காப்பீடு) அந்தப் பணம் கிடைத்துவிடும் என்று சொன்னதும் அவர்தான். ரசீதில் பிராக்டிஸ் நம்பரே (காப்பீட்டில் பணம் கோர மருத்துவச் சேவை தருபவருக்கு இருக்க வேண்டிய எண்) இல்லை என்று மெடிக்கல் எய்ட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

ரிப்போர்ட் வந்தது. ஆகாது என்று சிவப்பில் கோதுமை, பால், தயிர், பருப்பு வகைகள், தேங்காய், தக்காளி, கடுகு. சாப்பிடலாம் என்று பச்சையில் ஆப்பிள், தேன், காலிஃபிளவர், காளான், இன்னும் சில. சைவம் சாப்பிடும் ஒருத்திக்குப் பருப்பையும் தயிரையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் புரதத்துக்கு அவள் எங்கே போவாள் என்று ஒரு வார்த்தை இல்லை. எத்தனை நாளைக்கு என்றும் இல்லை. “உடம்பு சுத்தமாகும் வரை” என்றார்கள்.

புரட்டாசி வந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுக்க அசைவம் கிடையாது. பக்கத்து வீட்டு ஆன்டி பருப்பும் பீன்ஸ் கறியும் அன்போடு கொண்டு வந்து கொடுப்பார். நான் வாங்கி வைத்துவிட்டு, காலிஃபிளவரை வேகவைத்துத் தின்றேன். எடை இறங்கியது, முடி கொட்டியது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. உப்புசம் குறையவில்லை, கூடியது. பேதி நிற்கவே இல்லை. போன் செய்து கேட்டால், “நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி, நிறுத்திவிடாதீர்கள்” என்று பதில். எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த வாக்கியத்தை நினைத்தால்தான். ஒருவரின் உடம்பு மோசமாகும்போது அதையே குணமாவதற்கு அடையாளம் என்று சொல்லிவிட்டால், அவர் டாக்டரிடம் போவதையே தடுத்துவிடுகிறீர்கள்.

கடைசியில் டாக்டரிடமும், அவர் அனுப்பிவைத்த பதிவுபெற்ற டயட்டீஷியனிடமும் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பரிசோதனை பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு உடம்பில் ஐஜிஜி இருப்பது இயல்பு. அந்த உணவு உடம்புக்குப் பழக்கம் என்பதற்குத்தான் அது அடையாளம். ஆகாது என்பதற்கு அல்ல. தினமும் சாம்பாரும் தயிரும் சாப்பிடுகிறவளுக்குப் பருப்பும் தயிரும் சிவப்பில் வராமல் என்ன செய்யும்? ஐரோப்பிய அலர்ஜி நிபுணர்களின் அமைப்பு 2008-லேயே இந்த வகைப் பரிசோதனையை உணவு ஒவ்வாமை கண்டுபிடிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்க அலர்ஜி சங்கத்தின் நிலையும் அதுதான்.

பச்சைப் பட்டியல் இன்னும் மோசம். ஆப்பிள், தேன், காலிஃபிளவர், காளான் நான்குமே சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு உண்டாக்கக்கூடிய சர்க்கரைகள் அதிகம் உள்ளவை. ஃபாட்மேப் என்று சொல்வது இந்தச் சர்க்கரைகளைத்தான். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான குறை-ஃபாட்மேப் உணவுமுறை எரிச்சல் குடல் நோய்க்கு (ஐபிஎஸ்; உப்புசம், மலச்சிக்கல், பேதி என்று மாறி மாறிப் படுத்தும் குடல் கோளாறு) உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதுவும் கடுமையான பத்தியம்தான். ஆனால் இரண்டிலிருந்து ஆறு வாரம் வரைதான் எல்லாவற்றையும் விலக்குவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். எப்போது முடியும் என்று சொல்லாத பத்தியத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்படிப் பார்த்ததில் எனக்குத் தொந்தரவு கொடுத்தவை வெங்காயம், பூண்டு, பால். சிவப்பில் இருந்த தேங்காய்க்கும் தக்காளிக்கும் இதில் சம்பந்தமே இல்லை. பருப்பு அளவோடு போனால் ஒன்றும் செய்யவில்லை. பூண்டில் உள்ள அந்தச் சர்க்கரை எண்ணெயில் கரையாது என்பதால், பூண்டை எண்ணெயில் பொரித்து எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கிறேன். ரசம் ரசமாகவே இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைப் புண்ணாக்கும். அதற்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியான முடிவு தரும். அந்தக் கடைக்காரர்கள் எடுத்த எடுப்பில் கோதுமையை நிறுத்திவிட்டதால், நான் மறுபடி வாரக்கணக்கில் பிரெட்டும் சப்பாத்தியும் தின்ற பிறகே பரிசோதனை எடுக்க முடிந்தது. குறைந்தது ஆறு வாரம் தினமும் சாப்பிட்டிருக்க வேண்டுமாம். எனக்கு சீலியாக் இல்லை. இருந்திருந்தால் எத்தனை மாதம் மறைந்து கிடந்திருக்கும்? ஆகவே யார் சொன்னாலும், டாக்டர் அந்தப் பரிசோதனை எடுக்கும் முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் பத்தியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் டாக்டர்.

ஆளைச் சரிபார்ப்பது இங்கே சுலபம். டயட்டீஷியன்கள் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். அவர்கள் பதிவு எண் டிடி என்று தொடங்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆயுர்வேதம், ஹோமியோபதி பார்ப்பவர்களுக்கும் தனிக் கவுன்சில் உண்டு. எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். தனியாரிடம் போக வசதியில்லாதவர்கள் கிளினிக்கில் கேட்டால் அரசு மருத்துவமனை டயட்டீஷியனுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை: கடைக்காரர்களே உங்களை அணுகி விற்றிருந்தால், 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் கொடுத்து ரத்து செய்யலாம். எனக்கு இது தெரிய வந்தபோது அந்தக் காலம் கடந்திருந்தது. மெடிக்கல் எய்ட் பற்றிப் பொய் சொன்னதை வைத்துத் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

ஏற்கெனவே அந்தப் பொடியும் டீயும் குடித்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் போகும்போது டப்பாக்களையும் கையோடு கொண்டு போங்கள். இது பதிவுபெறாத மருந்து, தரத்தையும் பாதுகாப்பையும் சாப்ரா (தென்னாப்பிரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஆராயவில்லை என்று என்னுடைய டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. டீயின் உட்பொருட்களைப் படித்துப் பார்த்த டாக்டர்தான் அதில் நிலாவாரை இருப்பதைக் காட்டினார். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து உலகமெல்லாம் ஏற்றுமதியாகும் அதே பேதி மருந்து. தினம் இரண்டு வேளை அதைக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். நிறுத்திய சில நாட்களில் பேதி நின்றது.