மேடையா, பொட்டலா? எல்லோரும் ஆட எந்த இடம்?

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் நடன விழாவை முதல் வருஷம் டவுன் மண்டபத்தில் நடத்தினோம். போன மாசியில் அதைக் காமன் பொட்டலுக்கு, அதாவது காமன் கூத்து ஆடும் திறந்த வெளிக்கு, மாற்றினோம். சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஊன்றுகோலோடு வருபவர்களும் பார்த்தால் போதாது, ஆடவும் வேண்டும் என்றால் பொட்டல்தான் நல்லது என்பது என் முடிவு.

மண்டபத்தில் கூரை, கரண்ட், கதிரை எல்லாம் இருக்கின்றன. மழைக்குப் பயமில்லை. இதிலெல்லாம் அதுதான் மேல்.

சிக்கல் மேடையில் இருக்கிறது. 3 அடி உயரம். ஒரு சாய்தளம் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அப்படியென்றால் 3 அடிக்கு 36 அடி. அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் உருட்டி ஏறுவது கஷ்டம், நடுவில் நின்று ஓய்வெடுக்க 5 அடியாவது சமதளம் வேண்டும். ஆக, 40 அடிக்கு மேல் போகிறது. மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையில் எங்களுக்கு இருந்தது 15 அடிதான். அதற்குள் போட்ட பலகை கூரை மாதிரி நின்றது. கடைசியில் சக்கர நாற்காலியில் ஆட வந்த ஒரு தங்கச்சியை நாலு பையன்கள் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள்.

அந்தத் தங்கச்சி அந்த ஆட்டத்தை மூன்று மாதம் பழகியிருந்தாள். இறங்கி வந்ததும், "அண்ணே, ஆடினது நான்தான். ஆனா சனம் பார்த்தது தூக்கினதைத்தான்" என்றாள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி வேண்டும் என்று 2006இலேயே இலங்கையில் ஒழுங்குவிதி வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் விழாத் திகதி அதுவரை காத்திருக்காது.

பொட்டலுக்கு வருவோம். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் ரதியும் மதனும் மண்ணில் நின்றுதான் ஆடுகிறார்கள். சுற்றிச் சனம், ஒரு பக்கம் தப்பு மேளம். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும்கூட மலையகத்தில் திறந்த வெளியில் வளர்ந்த கூத்துகள். ஏறவோ இறங்கவோ படி இல்லாத ஆட்டக்களம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சாய்தளத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம். போன மாசியில் அதே தங்கச்சி, மற்றப் பிள்ளைகள் வந்த அதே வழியாகச் சனத்தை விலக்கிக்கொண்டு தானே உருட்டி வந்தாள். தப்பு வேகம் பிடித்தபோது சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாளே, அதற்குத்தான் கைதட்டல்.

ஆனால் எல்லாப் பொட்டலும் சரிவந்துவிடாது. லயத்து வீடுகளுக்கும் பொட்டலுக்கும் நடுவில் கல்படி இருந்தால் எல்லாம் வீண். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வந்து நிற்கிற மாதிரி ரோட்டை ஒட்டிய இடமாகப் பாருங்கள். புல்தரை பார்க்க மெத்தை மாதிரி இருந்தாலும் சின்ன முன்சக்கரம் புதையும். முதல் வருஷம் சாய்தளத்துக்கு வாங்கிய பலகைகளை ரோட்டிலிருந்து களம் வரை பாதையாகப் போட்டோம், களத்தின் நடுவிலும் இறுக்கமாகப் பதித்தோம். முந்தின நாள் பின்னேரம் தூறியதால் பலகை வழுக்கியது. மேலே சாக்கு விரித்து ஆணி அடித்த பிறகுதான் நிம்மதி. எங்கள் பக்கம் மாசி கொஞ்சம் காய்ந்த மாதம் என்பதால் தப்பித்தோம். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழையில் இதைச் செய்ய நான் துணியமாட்டேன்.

பார்ப்பவர்களுக்கு இடம் பிரிப்பதும் முக்கியம். முன்னால் பாயில் சின்னப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் சக்கர நாற்காலிகளும் வயசானவர்களும், நிற்கிறவர்கள் எல்லோரும் அதற்கும் பின்னால். மலைநாட்டில் ஒரு பக்கம் எப்படியும் மேடு இருக்கும், மற்றவர்கள் அதில் உட்கார்ந்தால் யாரும் யாரையும் மறைக்க மாட்டார்கள்.

மலசலகூடத்தில் மண்டபம்தான் மேல், அங்கே உட்கார்ந்து போகும் கொமட் இருந்தது. பொட்டலுக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருந்த மலசலகூடத்தைக் கேட்டு வாங்கினோம். வாசல் ஒடுக்கமாக இருந்ததால் கதவைக் கழற்றித் திரை கட்டினோம். இதை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும்.

காது கேளாதவர்களுக்கு எது வசதி என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. வந்த இரண்டு பேரும் தப்புக்காரர்களுக்குப் பக்கத்தில் இடம் கேட்டார்கள். அதிர்வு நெஞ்சில் படுகிறது என்று எழுதிக் காட்டினார்கள். மண்டபத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் அது கிடைத்திருக்கலாம். பார்வையில்லாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே வர ஓர் ஆளை இன்னும் நாங்கள் வைத்துப் பார்க்கவில்லை.

வரும் மாசிக்கும் பொட்டலைத்தான் கேட்டிருக்கிறோம். மழை வந்தால் என்ன செய்வது என்று மண்டபத்தையும் சொல்லி வைத்திருக்கிறோம். அங்கே போக நேர்ந்தாலும் மேடையைத் தொடப்போவதில்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டு, நடுவில் தரையிலேயே ஆட்டம்.