வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பிரிக்கும் முன் போட்ட திட்டம் எப்படி உழைத்தது

பழைய காரைச் சேசிஸ் வரை பிரித்து வீட்டிலேயே புதுப்பிக்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் செலவைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது எந்தக் கார் என்பது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் தனிச் சேசிஸ் கிடையாது. பாடிதான் அங்கே சட்டகம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படியல்ல. அடியில் தனிச் சேசிஸ், மேலே போல்ட் போட்டு இறுக்கிய பாடி. அந்தப் பாடியையும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிக்கலாம். கூரை தனியாகக் கழன்று வரும். பானெட்டை இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். வீட்டில் செய்வதற்கென்றே படைத்த வண்டி என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 948 சிசி என்ஜினுடன் தயாரித்தது. என்னுடையது 1966ஆம் ஆண்டின் இரண்டு கதவு வண்டி. அம்பாசமுத்திரத்தில் உறவினர் ஒருவரின் நெல் களஞ்சியத்தில் நெடுங்காலம் நின்றது. 2021இல் திட்டம் போட்டேன். 2024 இறுதியில் வண்டி சாலைக்கு வந்தது. இப்போது எழுதுவது, அந்தத் திட்டத்தில் எது கைகொடுத்தது என்பதைப் பற்றி.

முதல் ஸ்பேனரை எடுக்கும் முன் காகித வேலையை முடித்தேன். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்த கார்களைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். பதிவெண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கு அந்த வண்டியை ஓட்டக் கூடாது. இந்த வேலைக்கு அதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இதைப் படித்த அன்றே, துருப்பிடித்த சேசிஸை வெட்டிவிட்டு வேறொன்றை மாட்டும் யோசனையை ஒதுக்கினேன். உள்ளதைச் சீர்செய்வது என்று முடிவானது. சேசிஸ், என்ஜின் எண்கள் பதித்த இடங்களையெல்லாம் பளிச்சென்று படம் எடுத்து, ஆர்.சி. புத்தகத்துடன் ஒத்துப் பார்த்து வைத்துக்கொண்டேன். மணல் வீச்சுக்கும் (மணலைப் பீய்ச்சித் துரு எடுப்பது) பெயிண்டுக்கும் அந்த இடங்கள் தப்ப வேண்டும் என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது இடம். ஹெரால்டு ஏறக்குறைய 13 அடி நீளம், 5 அடி அகலம்தான். பிரித்துப் போட்டால் அதைப் போல மூன்று மடங்கு தரை வேண்டும். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் அவ்வளவு இடம் இல்லை. ஆகவே இரும்புக் குழாயில் பரண் ஒன்று அடித்தேன். பாடியைச் செயின் பிளாக்கில் தூக்கி, குறுக்கே கனமான விட்டங்களைக் கொடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் உட்கார வைத்தேன். இந்த ஏற்பாட்டின் அருமை 2023 டிசம்பரில் தெரிந்தது. 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறி எங்கள் தெருவுக்குள் வந்தது. கொட்டகையில் முழங்காலுக்கு மேல் சேறு கலந்த வெள்ளம். பாடி, என்ஜின், சீட்டு, ஒயரிங் எல்லாம் பரணில் இருந்தன. கீழே நின்ற சேசிஸில் ஹப்புகளையும் பிரேக் டிரம்களையும் திறந்து கழுவி, எண்ணெயை மாற்றியதோடு சேதம் நின்றது. ஆற்றோரத்தில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் எல்லாருக்கும் பரணைத்தான் முதலில் சொல்கிறேன்.

இனி வேலையின் வரிசை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கையில் முழுமையான ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். சேசிஸ் முடிந்து, சஸ்பென்ஷன் மாட்டி, பிரேக்குடன் நான்கு சக்கரத்தில் உருளும் வரை பாடியில் சுத்தியல் படாது. பாதி என்ஜின், பாதி கதவு, பாதி ஒயரிங் என்று கிடக்கும் கொட்டகையில்தான் பலருடைய கார்கள் கடைசியில் பழைய இரும்புக்குப் போகின்றன. உருளும் சேசிஸைக் கண்ணால் பார்த்துவிட்டால் வேலையை விட மனம் வராது. பாடி இல்லாத நேரத்தில் பின்பக்கக் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் டிஃபரன்ஷியலும் முழுக்கத் திறந்து கிடக்கும். பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடி வழியாகக் கையை விட்டுத் தடவும் அவதி இல்லை. முன்சக்கரம் திரும்புவதைத் தாங்கும் அடி மூட்டான டிரன்னியனுக்கு 90 கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது உள்ளே இறுகி, ஈரம் புகுந்து, மேலே திருகியிருக்கும் எஃகுத் தண்டு அரித்து ஒருநாள் ஒடிந்துவிடும். ஊரில் எந்த சர்வீஸ் நிலையத்துக்கு விட்டாலும் கிரீஸ் துப்பாக்கியுடன்தான் வருவார்கள். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

இந்தக் காரில் உயிர்நாடி ஷிம் என்னும் இடைத்தகடுதான். பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டிலும் திண்டும் மெல்லிய தகடுகளும் இருக்கும். அந்தந்த வண்டியின் கதவு நேராக மூட எவ்வளவு தேவையோ அவ்வளவு தகடுதான் தொழிற்சாலையில் வைத்திருப்பார்கள். ஆகவே இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். போல்ட்டைக் கழற்றும்போதே தகடுகளை எண்ணி, கம்பியில் கோத்து, தகரச் சீட்டில் எண் வெட்டிக் கட்டினேன். பேனாவால் எழுதிய அட்டை கொட்டகையின் எண்ணெய்க்கும் ஈரத்துக்கும் நிற்காது. பாடியைத் தூக்கும் முன் இரண்டு கதவு வாசல்களிலும் குறுக்கே குழாய் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாசல் விரியும் அல்லது சுருங்கும். பிறகு எந்த ஷிம்மும் உதவாது.

மேலப்பாளையத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஞாயிறுதோறும் வந்து பார்ப்பார். “தம்பி, கதவு, பானெட், டிக்கி எல்லாத்தையும் மாட்டி இடைவெளி பார்த்த பிறகுதான் பெயிண்டைத் தொடணும்” என்பார். அதன்படியே வெறும் பிரைமரோடு முழு வண்டியையும் ஒருமுறை சேர்த்து, மறுபடி பிரித்தோம். வீண் வேலை என்று தோன்றும். பளபளக்கும் பெயிண்டின் மேல் கதவைத் தேய்த்துச் சரிசெய்யும் கொடுமையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

துருவுக்கு இரண்டு வழி. சேசிஸுக்கு மணல் வீச்சு. பாடித் தகட்டுக்கு அது வேண்டாம், சூட்டிலும் அடியிலும் தகடு நெளியும். சிறு பாகங்களுக்குச் சலவைச் சோடா கரைத்த தொட்டியும் பேட்டரி சார்ஜரும் போதும். பாகத்தை எதிர்முனையிலும் வேண்டாத இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அங்கே வைக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் தொட்டி திறந்த வெளியில் இருக்கட்டும். நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் இஞ்ச் அளவின் யுஎன்எஃப் மரை. மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் மரை போய்விடும். சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பலதும் கிடைக்கின்றன. ரப்பர் சாமான்களை இங்கிலாந்திலிருந்து தருவித்தேன். சுங்கவரியைக் கணக்கில் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

பெயிண்டுக்கு நம் ஊர்க் காலண்டர்தான் எஜமான். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்று கொட்டகைக்குள் புழுதியை வாரிக் கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம். தை பிறந்து பங்குனி முடிவதற்குள் அடித்து முடிப்பதுதான் நெல்லைக்குச் சரி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மற்ற வேலைகளுக்கு நாள் குறித்தேன். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. துணி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்றுக் குழாய் பொருத்திய முகக்கவசம் இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

சாலைக்கு வந்த பிறகு, முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே புதுத் திண்டுகள் அமுங்கிப் பாடி போல்ட்டுகள் தளர்ந்தன. மறுபடி இறுக்கிய பிறகு கதவுகள் இடம் மாறவில்லை. குற்றாலச் சாலையில் ஏறி இறங்கியும் சட்டகத்திலிருந்து முனகல் இல்லை. திருச்செந்தூர் போய்வந்தால் மறுநாளே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், உப்புக் காற்று சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில்தான் முதலில் உட்காரும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை நெரிசலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறுகிறது. ரேடியேட்டரின் உட்கூட்டை மாற்றுவது அடுத்த வேலை. அதற்குப் பாடியைப் பிரிக்க வேண்டியதில்லை.