பின்னக் கணக்குக்கு பார் மாடல்: இரண்டு வருட அனுபவம்

மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது தொடங்கினோம், இப்போது ஆறாவது படிக்கிறாள். பெங்களூரு அல்சூரில் வீடு, பள்ளியில் எல்லாமே ஆங்கிலம். கூட்டல் கழித்தலில் பிரச்சினை இல்லை, ஆனால் பின்னத்தை வைத்து நாலு வரியில் ஒரு கணக்கு வந்தால் போதும், "பெருக்கணுமாம்மா, வகுக்கணுமா?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். பார் மாடல் 1980களில் சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளுக்கென்று கொண்டுவந்த முறை. கணக்கில் வரும் அளவைப் பட்டையாக வரைந்து சம கட்டங்களாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கடைக்காரர் மாம்பழங்களில் 2/5 பங்கைக் காலையில் விற்றார், மீதியில் பாதியை மாலையில் விற்றார், 36 பழம் மிச்சம், மொத்தம் எத்தனை? இவள் 2/5, 1/2 இரண்டையும் கூட்டி, 1/10 பங்குதான் 36 என்று 360 எழுதியிருந்தாள். 'மீதியில்' என்ற சொல்லை அவள் கண் தாண்டிவிட்டது. பட்டை வரையச் சொன்னேன். ஐந்து கட்டத்தில் இரண்டை அடித்தாள், மிச்சம் மூன்றைப் பாதியாக்க முடியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாக வெட்டினாள். மொத்தம் பத்து, கடைசி மூன்று கட்டம் 36, ஒரு கட்டம் 12, விடை 120. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை!

இதில் தமிழ் பெரிய உதவி. நாம் 'ஐந்தில் இரண்டு' என்கிறோம், முதலில் ஐந்து, அப்புறம்தான் இரண்டு. வரைவதும் அதே வரிசை. அதனால் கணக்கு ஆங்கிலத்தில் இருந்தாலும் வீட்டில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வரைவாள்.

விகிதத்துக்கு இட்லி மாவு. அரிசி, உளுந்து 4:1 என்றதும் "உளுந்து கால் பங்கு" என்றாள். அரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வரிசையாக மேடையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, அரிசியில்தான் கால், மொத்த மாவில் ஐந்தில் ஒன்று என்று அவளே திருத்திக்கொண்டாள்.

குறையும் உண்டு. 7/12, 5/8 சேர்ந்து வந்தால் 24 கட்டம், நோட்டில் பிதுங்கும். இரண்டு பேரின் பங்கு 3:5 என்ற விகிதத்தில் இருந்து, முதல் ஆளுக்கு 12 சேர்ந்ததும் 3:4 ஆகிறது என்பது மாதிரிக் கணக்கில் நாங்கள் ரொம்ப நாள் திணறினோம். பங்கு மாறாத இரண்டாம் ஆளின் கட்டங்களை, முன்னும் பின்னும் வரையும் இரண்டு படத்திலும் ஒரே எண்ணிக்கையாக, இங்கே 20 ஆக, ஆக்க வேண்டும் என்று பிடிபட்ட பிறகு சரியானது: 12 கட்டம் 15 ஆகிறது, மூன்று கட்டம் 12, ஒரு கட்டம் 4, ஆக முதலில் 48, 80. ஒரு தேர்வில் படம் மட்டும் வரைந்ததற்கு மதிப்பெண் குறைத்தார்கள், எனக்கு வருத்தம்தான். இப்போது படத்துக்குக் கீழே வரிகளையும் எழுதுகிறாள்.

தொடங்குபவர்கள் கோடு போட்ட நோட்டு வாங்காதீர்கள், கட்டம் போட்டதே வாங்குங்கள். கட்டங்கள் கோணலாகப் போனால் பிள்ளை அந்தப் படத்தை நம்பாது.