வீடாக்கிய பழைய ஸ்கூல் பஸ்: ஆல்பர்ட்டா குளிரில் பல வருட அனுபவம்

எங்களிடம் இருப்பது 1997 மாடல் இன்டர்நேஷனல் 3800. மஞ்சள் பெயின்ட்டோடு பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி. அது ஓய்வு பெற்றதும் ஏலத்தில் எடுத்து, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கினோம். என்ஜின் டிடி466இ, 7.6 லிட்டர், ஆறு சிலிண்டர். அலிசன் ஆட்டோமேட்டிக் கியர், அழுத்திய காற்றால் இயங்கும் ஏர் பிரேக். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டனைச் சுற்றியும் ஜாஸ்பர் போகும் 16ஆம் நெடுஞ்சாலையிலும் பல குளிர்காலங்களை இந்த வண்டியிலேயே கழித்திருக்கிறோம். மைனஸ் 30 டிகிரி அங்கே அதிசயமில்லை.

இந்த மாதிரி வண்டி வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் என்னிடம் ஹீட்டரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் பழைய பஸ்ஸைக் குளிர்காலத்தில் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். குளிர் அந்த ஈரத்தை உறைய வைக்கிறது, அவ்வளவுதான். டீசலில் தண்ணீர், ஏர் டேங்கில் தண்ணீர், சுவரில் தண்ணீர், அடிச்சட்டத்தில், பனி உருகச் சாலையில் தூவும் உப்பின் தண்ணீர். இந்த நான்கையும் அடக்கிவிட்டால் மைனஸ் 30 சமாளிக்கக்கூடிய விஷயமே.

ஸ்டார்ட் ஆகும் விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் ஈரத்துக்கு அதிகப் பங்கில்லை. இந்த என்ஜினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இயக்குவதே என்ஜின் ஆயிலின் அழுத்தம். ஆயில் கெட்டியானால் ஸ்டார்ட்டர் சுற்றுவது சிரமம் என்பதோடு நிற்பதில்லை, டீசல் சிலிண்டருக்குள் சரியாகப் பாய்வதே தடைப்படும். ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் தரங்களில், 15டபிள்யூ-40 குளிரில் ஸ்டார்ட் ஆக விடுமா என்று சோதிப்பது மைனஸ் 20ல், 5டபிள்யூ-40க்கு மைனஸ் 30ல். அந்தப் பத்து டிகிரிதான் எங்கள் ஊர் ஜனவரி. சிந்தெடிக் 5டபிள்யூ-40க்கு மாறியதும் கிடைத்த வித்தியாசம் வேறு எந்தச் செலவிலும் கிடைக்கவில்லை. விலை கூடுதல்தான். ஆனாலும் அக்டோபர் ஆயில் மாற்றத்தில் நான் பேரம் பேசுவதே இல்லை.

அடுத்தது பிளாக் ஹீட்டர், அதாவது நிற்கும் என்ஜினைச் சூடாக்கும் மின் ஹீட்டர். எங்களுடையது 1,250 வாட். ராத்திரி முழுக்கச் செருகி வைப்பது வீண் மின்சாரம். டைமர் போட்டு, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓட விட்டால் போதும். செருகிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மட்டும் இருக்கக்கூடாது. வயர் முனை அரித்துப்போய் ஹீட்டர் வேலை செய்யாமலே இருக்கலாம். 120 வோல்ட்டில் ஓடும் இந்த ஹீட்டரின் பிளக் முனைகளில் ஓம் மீட்டரை வைத்தால் 12க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். செப்டம்பரிலேயே பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்கட்டும், மெல்லிய வயர் சூடேறும். குளிரில் ஸ்டார்ட் ஆக என்ஜினுக்குள் அடிக்கும் ஈத்தர் ஸ்ப்ரே எங்கள் வண்டியில் கிடையாது. சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கோ, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் இன்டேக் ஹீட்டரோ உள்ள என்ஜினில் அதை அடித்தால் உள்ளேயே வெடித்துச் சேதம் பண்ணும்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டில் எல்லாரும் உறைநிலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். தண்ணீரில் பாதிக்குப் பாதி கிளைக்கால் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும், 60 சதவீதம் கலந்தால் மைனஸ் 50 வரை. இது பாதிக் கதை. டிடி466இ என்ஜினில், பிஸ்டன் ஓடும் குழாயான சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கம் நேராகக் கூலண்டில் நனைந்திருக்கும். பிஸ்டன் அடிக்கிற அதிர்வில் லைனர் ஓரமாகக் குமிழிகள் தோன்றி உடைந்து, உலோகத்தில் சிறு சிறு குழிகளைத் தோண்டும். அதைத் தடுக்க டீசல் என்ஜினுக்கான சேர்மானம் கூலண்டில் போதுமான அளவில் இருந்தாக வேண்டும். சோதனைத் தாள் மலிவு. வருடத்துக்கு இரண்டு தரம் நனைத்துப் பார்க்கிறேன். சாதாரணக் கார் கூலண்டை ஊற்றி ஓட்டிய வண்டிகளின் லைனர் ஓட்டை விழுந்து, கூலண்ட் ஆயிலில் கலந்த கதைகளை மெக்கானிக்குகள் நிறையச் சொல்வார்கள்.

பேட்டரி விஷயத்தில் ஈரம் வேறு வடிவத்தில் வருகிறது. முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50க்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்கினால் உள்ளே இருக்கும் ஆசிட் தண்ணீரை நெருங்கிவிடும், மைனஸ் 10 சுற்றுவட்டாரத்திலேயே உறைந்து பெட்டி விரிசல் விடும். அதனால் நிற்கும் வண்டியில் சிறிய சார்ஜர் எப்போதும் ஓடுகிறது. வீட்டுப் பகுதிக்கு லித்தியம் வைத்திருக்கிறோம். அதைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும். கட்டிலுக்கு அடியில், சூடான பக்கத்தில் வைத்திருக்கிறோம். வெளிப்பெட்டியில் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டீசலுக்கு வருவோம். குளிரில் டீசலிலிருந்து மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைக்கும் என்பது பலருக்கும் தெரியும். அதற்கும் முன்னால், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே, ஃபில்டரில் தேங்கிய தண்ணீர் உறைந்து அடைத்துவிடும். தண்ணீர் பிரிப்பானின் அடி வால்வைத் திறந்து வடிப்பது என் வாரவேலை. டேங்க்கைக் காலியாக வைத்து நிறுத்துவதில்லை. காலி இடத்துக் காற்றிலிருக்கும் ஈரம்தான் ராத்திரியில் டேங்க் சுவரில் வியர்த்து டீசலுக்குள் இறங்குகிறது. தெற்கே போய்த் திரும்பும்போது அங்கே போட்ட கோடைக்கால டீசலோடு வடக்கே ஏறக்கூடாது. வழியில் தீர்த்துவிட்டு, குளிர்கால டீசல் போட்டுக்கொண்டு வர வேண்டும். மெழுகு தடுக்கும் திரவத்தை டீசல் கலங்குவதற்கு முன்னால் ஊற்றினால்தான் பலன்.

இப்போது ஏர் பிரேக். பஸ்ஸை வாங்கும் பலரும் கார் ஓட்டியவர்கள், இந்தப் பகுதியைக் கண்டால் பயப்படுகிறார்கள். பயம் தேவையில்லை, பழக்கம் தேவை. கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. டேங்குக்குள் போய்க் குளிரும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராக அடியில் தங்குகிறது. அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போய் உறைந்தால் பிரேக் பிடிக்காமலும் போகலாம், விடாமலும் போகலாம். தினமும் நிறுத்தியதும், என்ஜின் சூடு ஆறுவதற்குள், டேங்குகளைத் திறந்து வடிக்கிறேன். கம்ப்ரஸரிலிருந்து காற்று முதலில் வந்து சேரும் டேங்கில்தான் தண்ணீர் அதிகம், அதை முதலில் திறக்க வேண்டும். வடிவது பால் நிறத்தில் எண்ணெயோடு வந்தால் கம்ப்ரஸரைப் பார்க்கச் சொல்கிறது என்று அர்த்தம்.

காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம், இலையுதிர் காலத்தில் மாற்றுகிறோம். டிரையரின் அடியில், தண்ணீரை வெளியேற்றும் வால்வு உறையாதிருக்க ஒரு சிறிய மின் ஹீட்டர் உண்டு. பழைய வண்டிகளில் அதன் வயர் அறுந்தே கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. கோடையில் ஒன்றும் தெரியாது, நவம்பரில் அந்த வால்வு உறையும். உறைந்துவிட்டால் கண்ட ஆல்கஹாலை லைனில் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ரப்பர் சீல்களைத் தின்றுவிடும், டிரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மருந்தும் கெடும். வெதுவெதுப்பான இடத்தில் நிறுத்தி உருக வைப்பதே சரி.

நிறுத்தும் முறையும் முக்கியம். ஈரப் பனியில் ஓட்டி வந்து நேராகப் பார்க்கிங் பிரேக் போட்டால், காலையில் பிரேக் லைனிங் சக்கரத்தின் டிரம்மோடு உறைந்து ஒட்டியிருக்கும். கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை லேசாக மிதித்துச் சூடேற்றி உலர்த்திவிட்டு, சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள்.

டயர் பற்றிச் சுருக்கமாக: 20 டிகிரியில் 100 பிஎஸ்ஐ வைத்த டயர், மைனஸ் 30ல் கிட்டத்தட்ட 80தான் காட்டும். பஞ்சர் என்று பதற வேண்டாம். காற்று நிரப்ப வேண்டும்.

உள்ளே வசிப்பதில் பெரிய பாடம் புரொப்பேன் கேஸ் அடுப்புதான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. மூடிய பஸ்ஸில் அது ஜன்னலிலும், கூரையின் இரும்பு வளைவுகளிலும் பனியாகப் படிந்து, ஹீட்டர் போட்டதும் மெத்தையில் சொட்டும். இரும்பு வளைவு வெளிக்குளிரை நேராக உள்ளே கடத்துவதால், வளைவுகளுக்கு நடுவே மட்டும் பஞ்சு அடைத்துப் பிரயோஜனமில்லை, வளைவின் மேலேயும் மூட வேண்டும். ஸ்ப்ரே ஃபோம் அடித்தபின் எங்கள் கூரை சொட்டுவது நின்றது. பாதி ஜன்னல்களைத் தகடு போட்டு மூடியதும் உதவியது. வெளிச்சம் குறைந்தது என்று மனைவிக்கு இன்றும் வருத்தம், அது நியாயமான வருத்தம்.

சூட்டுக்கு டீசல் ஹீட்டர். அது புகையை வெளியே தள்ளிவிட்டு உலர்ந்த சூட்டை மட்டும் உள்ளே தருகிறது, அதனால்தான் புரொப்பேன் ஹீட்டரை விட இதை விரும்புகிறேன். குறைந்த அளவிலேயே நாள்கணக்கில் ஓட விட்டால் கரி படியும். வாரத்தில் ஒரு தரம் முழு வேகத்தில் அரை மணி ஓட்ட வேண்டும். புகைக்குழாயின் வாயைப் பனிக்குவியல் மூடாமல் பார்த்துக்கொள்வது உயிர் விஷயம். கார்பன் மோனாக்சைடு விஷவாயு அலாரம் இரண்டு வைத்திருக்கிறோம், ஒன்று தலைமாட்டில். மைனஸ் 30லும் கூரை வென்ட்டை விரலளவு திறந்தே வைக்கிறோம்.

கடைசியாகத் துரு. சாலை உப்பு குளிரில் உறைந்து கிடக்கும்போது மெதுவாகத்தான் அரிக்கும். சூடான கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால் உப்பு உருகி ஈரமாகி வேகமாகத் தின்னும். அதனால் சூடான இடத்தில் நிறுத்தும்போதெல்லாம் அடிப்பகுதியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிவிடுகிறோம். வருடாவருடம் அடிச்சட்டம் முழுக்க எண்ணெய் வகைத் துருத்தடுப்பு அடிக்கிறோம். தார் மாதிரி கெட்டியாகப் பூசுவது எனக்குப் பிடிக்காது, அதில் விரிசல் விழுந்தால் ஈரம் உள்ளே சிக்கி, பார்வைக்குத் தெரியாமலே தகடு போய்விடும். எங்கள் பஸ்ஸில் இப்போது பலவீனமாக இருப்பது பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடும் ஏறும் படியும். இந்த ஆகஸ்டில் இரண்டையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு வைத்துவிட்டு, அதன் மேல் எண்ணெய் அடிக்கப் போகிறோம். செப்டம்பர் கடைசியிலேயே எங்கள் ஊரில் முதல் பனி விழலாம்.