யார் கேட்டது? – பால் பிரிக்கிலுடன் இருபத்திரண்டு ஆண்டுகள்

பைண்டிங் கடைக்குப் போயிருந்த மூன்று புத்தகங்களும் சென்ற வாரம் வீடு திரும்பின. அதே வாரத்தில் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: “பால் பிரிக்கில் புத்தகங்களை வைத்திருக்கிறீர்களே சார், வாங்கலாமா?” ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்னியில் பத்திரிகைக்காரர், இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் என்ற போர்விமானத்தின் விமானி. 1943 மார்ச் 17 அன்று துனீசியாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார். பிடிபட்ட விமானிகளை ஜெர்மானியர்கள் அடைத்துவைத்த ஸாகான் முகாமில் (இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது) மீதிப் போரின் பெரும்பகுதியைக் கழித்தார். வெளியே வந்து எழுதியவற்றில் என்னிடம் இருப்பவை ‘தி கிரேட் எஸ்கேப்’, ‘தி டேம் பஸ்டர்ஸ்’, ‘ரீச் ஃபார் தி ஸ்கை’. மூன்றையும் பழைய புத்தகக் கடையில் ஒரே கட்டாக வாங்கினேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

எந்தப் புத்தகம் எங்கே பிளந்தது என்று பார்த்தாலே நான் எதைத் திரும்பத் திரும்பப் படித்தேன் என்பது தெரிந்துவிடும். அந்த முகாமிலிருந்து கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பிய கதையான ‘தி கிரேட் எஸ்கேப்’ தப்பியோடும் இரவில் பிளக்கவில்லை. அதற்கு வெகு முன்னால், கைதிகள் பட்டறை போடும் பக்கங்களில் பிளந்தது. பழைய கிராமஃபோன் தட்டை உருக்கித் திசைகாட்டிக்குக் கூடு செய்கிறார்கள். சவர பிளேடின் சில்லைக் காந்தமாக்கி முள் செய்கிறார்கள். பூட்ஸ் குதிகாலின் ரப்பரைச் செதுக்கினால் ஜெர்மன் முத்திரை. அனுமதிச் சீட்டில் தட்டச்சு எழுத்தைத் தூரிகையால் ஒவ்வொன்றாக வரைகிறார்கள். கள்ள ஆவணம் தயாரிக்கும் அந்தப் பிரிவுக்கு லண்டனிலிருந்த ஒரு பயண ஏஜென்சியின் பெயரையே வைத்திருந்தார்கள்: டீன் அண்ட் டாசன். பால்பவுடர் டப்பாக்களை ஒன்றோடொன்று செருகிச் சுரங்கத்துக்குள் காற்றுக்குழாய் போட்டார்கள். சுரங்கம் சரியாமலிருக்க முட்டுக் கொடுத்ததில் கட்டில்களுக்குப் பலகையே மிஞ்சவில்லை. தோண்டிய மண் மஞ்சள், மேல்மண் சாம்பல் நிறம். எங்கே கொட்டினாலும் காட்டிக்கொடுக்கும். அதனால் கால்சராய்க்குள் நீளப் பைகளைத் தொங்கவிட்டு, நடக்கும்போதே கயிற்றை இழுத்து, மண்ணைக் காலடியில் உதிர்த்து மிதித்துக் கலந்துவிட்டார்கள். இந்தப் பக்கங்களுக்காக எவ்வளவு பாராட்டினாலும் தகும். கைவேலையை எழுத்தில் காட்டுவது கடினம். பிரிக்கில் உங்கள் கையில் அரத்தையே கொடுத்துவிடுகிறார்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். மேற்கோள்குறி.

இந்த மனிதரின் புத்தகங்களில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இருட்டில் பேசுகிறார்கள், விமானத்துக்குள் பேசுகிறார்கள், தனியறையில் இருவர் மட்டும் இருக்கும்போதும் பேசுகிறார்கள். அத்தனையும் அச்சுப் பிசகாமல் மேற்கோள்குறிக்குள். முதல் வாசிப்பில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மூன்றாவது வாசிப்பில் பென்சிலை எடுத்தேன். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஓரத்தில் ‘யார் கேட்டது?’ என்று எழுதினேன்.

நியாயமாகப் பேச வேண்டும். முகாமில் அவர் இருந்தார். கள்ள ஆவணக்காரர்களுக்குக் காவல் ஏற்பாடு அவர் பொறுப்பு. பேசியவர்களையும் அவர்களுடைய பேச்சுத் தோரணையையும் அறிந்தவர். பத்திரிகைக்காரர் என்பதால் விசாரித்தும் எழுதியிருப்பார். ‘ரீச் ஃபார் தி ஸ்கை’ நாயகன் டக்ளஸ் பேடர், கால்கள் இரண்டும் போன பிறகும் போர்விமானம் ஓட்டியவர், புத்தகம் வந்த 1954இல் உயிரோடு இருந்தார். கேட்டு எழுத முடியும். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, பெரிய காதலும் இல்லை.

‘தி டேம் பஸ்டர்ஸ்’தான் என்னைப் படுத்துகிறது. 1943 மே 16 இரவு 19 பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மன் அணைகளை உடைக்கப் போயின. அப்போது பிரிக்கில் பிடிபட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது, முள்கம்பிக்குள் இருந்தார். எட்டு விமானங்கள் திரும்பவில்லை. படைக்குத் தலைமை தாங்கிய கிப்சன் 1944 செப்டம்பரில் இறந்துபோனார். விமானத்துக்கு விமானம் வானொலியில் பேசியதைத் திரும்பி வந்தவர்கள் கேட்டிருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். மற்றவை? என் பிரதியில் பென்சில் அதிகம் மேய்ந்தது இங்கேதான். உடைந்த அணைகளுக்குக் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளத்தில் போனார்கள். அவர்களில் பாதிக்கு மேல் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட வெளிநாட்டார், கைதிகள். அவர்களில் ஒருவரையாவது பிரிக்கில் பேசவைத்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அணைகளை உடைக்கப் போட்ட குண்டு நீரின் மேல் குதித்துக் குதித்துப் போகும். அது ஏன் குதிக்கிறது? பீப்பாய் உருவம், நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் பின்னோக்கிச் சுழற்றிவிட்டுப் போட வேண்டும், போடும்போது விமானம் பறக்க வேண்டிய உயரம் 60 அடி. சுழற்சிதான் அதன் உயிர். புத்தகம் வந்த 1951இல் அது அரசாங்க ரகசியம். பிரிக்கிலால் எழுத முடியவில்லை. உயரத்தை அளக்க விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைப் பொருத்தி, ஒளிவட்டங்கள் நீரின் மேல் ஒன்றையொன்று தொடும்வரை இறங்கியதை அழகாகச் சொல்கிறார். குண்டுக்கு வந்ததும் கை கட்டப்பட்டுவிடுகிறது. தெரிந்ததைச் சொல்ல அனுமதியில்லை, கேட்காததைச் சொல்லத் தடையில்லை. இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லைதான். ஆனாலும் எரிச்சல் வருகிறது.

ஒரே ஓர் உரையாடல் எனக்கு வேண்டும். முகாமில் தோண்டிய சுரங்கம் பிரிக்கிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குறுகிய இடம் என்றால் அச்சம். அதனால் தப்பிப் போகிறவர்களின் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். 1944 மார்ச்சில் வெளியேறியவர்கள் 76 பேர். பிடிபடாமல் போனவர்கள் மூவர், பிடித்துச் சுடப்பட்டவர்கள் 50 பேர். அந்த அச்சம்தான் தன் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று பின்னாளில் அவரே சொன்னார். “நீ வர வேண்டாம்” என்று அவரிடம் சொன்னபோது அவர் என்ன பதில் சொன்னார்? உலகத்தில் அவர் ஒருவரே மேற்கோள்குறி போடத் தகுதியுள்ள பேச்சு அது. ‘தி கிரேட் எஸ்கேப்’ அந்த ஐம்பது பேருக்குச் சமர்ப்பணம். தனக்கு அதில் ஓரமாக ஓர் இடம் போதுமென்று விட்டுவிட்டார்.

ஆக, நண்பரே, வாங்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். இன்றைக்கு என் மனநிலை அப்படி. பைண்டிங் கடைக்காரர் தையலைக் கச்சிதமாகப் போட்டிருக்கிறார், அட்டையும் கெட்டி. ஆனால் பக்கங்களைச் சமமாக்குகிறேன் என்று ஓரத்தில் கால் அங்குலம் வெட்டித் தள்ளிவிட்டார். இருபது வருடப் பென்சில் எழுத்து அதோடு போயிற்று. ‘தி டேம் பஸ்டர்ஸ்’ஸில் பக்கத்துக்குப் பக்கம் ‘யார் கே’ என்று நிற்கிறது. இரவல் கேட்டாலும் தருவதாக இல்லை. மழுங்காத பென்சில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.