ஐந்து வருடத்துக்கும் மேலாக வீட்டிலிருந்தே வேலை: ஆழ்வார்திருநகரி மாடி அறையிலிருந்து என் அனுபவம்

2020 மார்ச் 20 அன்று சென்னை சோழிங்கநல்லூர் அறையைப் பூட்டிவிட்டு, தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் ஊருக்கு ரயில் ஏறியபோது என் பையில் கம்பெனி லேப்டாப்பும் நான்கு சுடிதாரும்தான் இருந்தன. பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் போட்ட மேசை இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை, மாதத்துக்கு மூன்று நாள் மட்டும் சென்னை போய் வருகிறேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா என்று யாராவது கேட்டால் நெட் வேகம் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஏனென்றால் இங்கே வேலை பார்ப்பது நான் ஒருத்தி மட்டும் இல்லை, எங்கள் வீடே சேர்ந்து பார்க்கிறது. எங்கள் வாடிக்கையாளர் இருப்பது நியூயார்க் பக்கம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 7:30 ஆகிவிடும், மார்ச் வரைக்கும் அப்படித்தான். விளக்கேற்றி, செய்தி பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுகிற நேரம் அது. அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துக் குறைத்து இப்போது உதட்டசைவைப் பார்த்தே செய்தி கேட்கிறார். அம்மா படிக்கட்டுக்குக் கீழே நின்று, "ஏட்டி, பேசி முடிச்சிட்டியா? குக்கர் வைக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்பாள்.

முதல் இரண்டு வருடம் இதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை. 2022-இல் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னபோதுதான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுகிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். காபி, டிபன், பதினோரு மணிக்கு மோர், சாப்பாடு, டீ, இடையில் காலி டம்ளரை எடுக்க ஒரு தடவை. அலுவலகத்தில் கேன்டீன்காரர்கள் சம்பளத்துக்குச் செய்ததை இங்கே அம்மா செய்துகொண்டிருந்தாள், அதை நான் பாசம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மதியம் 1 முதல் 2 வரை காலண்டரில் பூட்டு. அந்த நேரத்தில் யார் மீட்டிங் போட்டாலும் வர மாட்டேன், கீழே போய்ச் சமையலில் பாதியை நான் பார்ப்பேன். மாடிக்கு ஒரு பிளாஸ்க் வாங்கியாயிற்று.

சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பது இதைவிடக் கஷ்டம். வீட்டில் இருக்கிறாள் என்றால் சும்மா இருக்கிறாள் என்றுதான் அர்த்தம், பேங்குக்குப் போகணும், சிலிண்டர் வாங்கி வைக்கணும், வளைகாப்புக்கு முதல் நாளே வரணும். பெண்ணாக இருந்தால் இது இரண்டு மடங்கு. நான் வாக்குவாதம் பண்ணுவதை விட்டுவிட்டு, அறைக் கதவை உள்ளே தாழ் போட ஆரம்பித்தேன்.

நெட் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபைபர் இணைப்பில் வருவது வெறும் வெளிச்சம், கரண்ட் வராது, அதனால் வீட்டில் மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியமோ மாலையோதான் வரும். 150 ஏஹெச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் போட்டோம், லேப்டாப், மோடம், ஒரு ஃபேன் மட்டும் என்றால் அந்த நேரத்தைத் தாங்குகிறது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. அப்புறம், ஹாலில் இருக்கும் மோடத்திலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். குரல் வெட்டி வெட்டிப் போகிறது என்று ஒரு வருடம் நெட் கம்பெனியைத் திட்டினேன், வைஃபை சிக்னலைத் தடுத்தது எங்கள் வீட்டுச் சுவர்தான். நாற்காலிக்கும் முதல் மாதமே காசு போடுங்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து, பிறகு பிசியோதெரபிக்கு அலைந்தேன்.

இந்த முறையின் உண்மையான பலத்தை நான் பார்த்தது 2023 டிசம்பரில். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. டீமில் பாதிப் பேருக்குக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியதை இங்கிருந்து நானும் கோவையிலிருந்து இன்னொருவரும் பார்த்தோம். சரியாக இரண்டு வாரத்தில் மழை எங்கள் பக்கம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்காலுக்குத் தண்ணீர். அப்பாவையும் அம்மாவையும் என் அறைக்குக் கொண்டுவந்து, மேசையை ஓரம் தள்ளிப் படுக்க வைத்தேன். நான்காம் நாள் சிக்னல் கிடைத்தபோது, என் வேலை எல்லாம் சென்னையில் இருப்பவர்கள் முடித்துவிட்டதாக மெசேஜ் வந்து கிடந்தது. அந்த நான்கு நாள் நான் சோழிங்கநல்லூர் அறையில் இருந்திருந்தால் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பணக் கணக்கு சுருக்கமாக. சென்னை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். வாடகை கொடுக்காததால் வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு போயிற்று. சித்திரை, வைகாசியில் மாடி அறையில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீதமே ஏறிவிடுகிறது. எல்லாம் கழித்தும் லாபம்தான்.

எனக்கு மனசு ஒப்பாத ஒரே விஷயம் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள். நான் வேலை கற்றது யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து இல்லை, பக்கத்து இருக்கை அக்கா போனில் பேசுவதைக் கேட்டும், அவர் திரையை எட்டிப் பார்த்தும்தான். 2021-இல் என் டீமில் சேர்ந்த ஒரு பையன் ஒரு சின்ன சந்தேகத்தைக் கேட்கத் தயங்கி மூன்று நாள் தனியாக முட்டிக்கொண்டிருந்தான். நேரில் இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன். எட்டாவது மாதம் வேலையை விட்டுவிட்டான்.

அடுத்த மாதம் டீமில் இரண்டு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களும் அலுவலகம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நானும் முதல் ஆறு வாரம் துரைப்பாக்கத்தில் தோழி வீட்டில் தங்கப் போகிறேன். மேசை மாடியிலேயே இருக்கும். கேட்காமலே விடுகிற சந்தேகங்களை என்னிடம் கேட்க அவர்களுக்குப் பழகிவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடுவேன்.