விண்டி செயலி: புயல் வலுக்குமா என்று பார்க்க எவ்வளவு உதவும்?

குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் மீனவர்கள் பலர் போனிலும் விண்டி என்ற வானிலைச் செயலி இருக்கிறது. திறந்ததும் வரும் வண்ணப்படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதுதான் வழக்கம். அது கடலுக்கு 10 மீட்டர் மேலே அடிக்கும் காற்று. இன்றைய அலைக்கும் வலைக்கும் அது போதும். தாழ்வு மண்டலம் புயலாகுமா, கலைந்து போகுமா என்று தெரிய உயரே போய்ப் பார்க்க வேண்டும். இலவசமாகவே அந்த வசதியைத் தருவதால்தான் இந்தச் செயலியைச் சிபாரிசு செய்கிறோம்.

உயரப் பட்டையில் உள்ள எண்கள் காற்றழுத்த மட்டங்கள்; எண் குறையக் குறைய உயரம் கூடும். அதை 850-க்கு (ஏறக்குறைய ஒன்றரை கி.மீ.) நகர்த்திக் காற்றின் திசை, வேகம் இரண்டையும் குறியுங்கள். பிறகு 200-க்கு (ஏறக்குறைய 12 கி.மீ.) போய் அதே இடத்தில் குறியுங்கள். இரண்டும் ஒரே திசை என்றால் கழித்தல், எதிர்த்திசை என்றால் கூட்டல். கீழே மேற்கிலிருந்து 20 நாட் (ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ.), மேலே கிழக்கிலிருந்து 30 நாட் என்றால் வேறுபாடு 10 அல்ல, 50. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த வேறுபாடு 20 நாட்டுக்குக் கீழே என்றால் புயலுக்குத் தோது. 30-ஐத் தாண்டினால் உச்சி மேகம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, மையத்தின் மேல் சேரவேண்டிய வெப்பம் சிதறிவிடும். செயற்கைக்கோள் படத்திலும் அது தெரியும்.

மையத்தின் மேலேயே விரலை வைக்காதீர்கள். அங்கே வருவது புயலின் சொந்தச் சுழற்சி. 300 முதல் 500 கி.மீ. தள்ளி நான்கு புறமும் எடுத்து, திசையோடு சேர்த்துச் சராசரி பாருங்கள். பழகிக்கொள்ள ஆனி, ஆடி நல்ல காலம். முப்பந்தல் காற்றாலைகள் விடாமல் சுற்றும் அந்த நாட்களில் 850-இல் பலத்த மேற்குக் காற்று, 150-இல் அதற்கு நேரெதிராகக் கிழக்குக் காற்று. கடல் சூடாக இருந்தும் நடுப் பருவமழையில் பெரும்புயல் அரிதாவது இதனால்தான்.

அடுத்து ஈரப்பதம். 700, 500 மட்டங்களில் வறண்ட காற்று வடக்கிலிருந்து சுழற்சிக்குள் நுழைந்தால், மழைத்துளிகள் ஆவியாகிக் காற்று குளிர்ந்து கீழிறங்கும், மேகம் எழும்பாது. மார்கழிச் சுழற்சிகளில் இதைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

கடல் வெப்பப் படம்தான் இதில் பலவீனம். புயலுக்குக் கடல் 26.5 டிகிரி இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கும், ஆகவே அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. அந்தச் சூடு 50 மீட்டர் ஆழம் வரை இருக்கிறதா என்பதே கேள்வி. மேலோடு மட்டும் சூடாக இருந்தால் புயலே கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்து தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டி ஆழத்தைக் காட்டாது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் கடல் வெப்ப வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்கி புயலை இந்த அளவுகோல்களோடு பொருத்திப் பார்க்கலாம். 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலம், 30 காலையில் குமரிக் கடலில் புயல். அதே ஒக்கி வடக்கே போனபோது காற்று வேறுபாடும் குளிர்ந்த கடலும் சேர்ந்து, குஜராத் கரையைத் தொடும் முன்பே புயல் என்ற நிலையை இழந்தது. வலுக்கும்போது ஒரே நாளில் நிலை மாறும் என்பதால் முந்தைய நாள் படத்தை நம்பிக் கிளம்பக் கூடாது.

விண்டி காட்டும் கணினி முன்கணிப்பு மாதிரிகளில் ஐரோப்பிய மாதிரி 9 கி.மீ. கட்டங்களில் வருகிறது, அமெரிக்க மாதிரி 22 கி.மீ. இரண்டாலும் கண்சுவரை (புயலின் கண்ணைச் சுற்றிப் பலத்த காற்று அடிக்கும் மேக வளையம்) முழுதாகக் காட்ட இயலாது. மையத்தருகே உண்மைக் காற்று படத்தைவிட அதிகம் என்றே கணக்கிடுங்கள். இரண்டு மாதிரிகளும் முரண்பட்டால் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்தூர், சின்னத்துறைப் படகுகள் போல ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு அங்கே போன் சிக்னல் இல்லை, செயலியால் பயனும் இல்லை; வயர்லெஸ்ஸும் வானிலைத் துறையின் எச்சரிக்கையும்தான் வழி.

கட்டணச் சந்தாவில் 3 மணிநேர இடைவெளி 1 மணிநேரமாகும். மேலே சொன்ன கணக்குக்கு அது தேவையில்லை.